பாரமானி என்னும் பெயர்: நேர்ப்பொருளும் உருவகப் பொருளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரமானி என்ற சொல்லை முதலில் பள்ளி அறிவியல் பாடத்தில் சந்திக்கிறோம். பின்னர் அரசியல், பொருளாதாரக் கட்டுரைகளில் அடிக்கடி சந்திக்கிறோம். பாடநூலில் அது காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி. கட்டுரைகளில் அது மக்களின் மனநிலை, சந்தையின் போக்கு, ஒரு காட்டின் நலம் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காட்டித் தரும் அடையாளம். இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள உறவை அறிந்து எழுதினால் உருவகம் கூர்மை பெறும். அறியாமல் எழுதினால், 'அளவுகோல்' என்பதற்குப் பகட்டான மாற்றுச்சொல்லாக மட்டுமே அது நின்றுவிடும். ஆகவே கருவியின் இயக்கமும் சொல்லின் வழக்கும் இங்கே சேர்த்தே விளக்கப்படுகின்றன.

பாரமானி என்ற பெயரின் நேர்ப்பொருள் என்ன?

பாரத்தை, அதாவது எடையை, அளப்பது என்பதே அதன் நேர்ப்பொருள். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'பாரோமீட்டர்' என்ற பெயரும் இதையே சொல்கிறது. கிரேக்க மொழியில் 'பாரோஸ்' என்றால் எடை. 'மெட்ரோன்' என்றால் அளவு. இவ்விரண்டையும் இணைத்து 1660களில் இங்கிலாந்தின் அறிவியலாளர்கள் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார்கள். கருவி அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் தோன்றிவிட்டது.

பெயரில் வானிலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காற்று என்ற சொல்கூட இல்லை. எதன் எடை என்பதைப் பெயர் சொல்லாமலே விட்டுவிட்டது. பிற்காலத்தில் இச்சொல் சமூகத்தையும் சந்தையையும் பற்றிப் பேச எளிதாக இடம் பெயர்ந்ததற்கு இந்த விடுபடலும் உதவியிருக்கக்கூடும். மழைமானி என்ற பெயரை மழையிலிருந்து பிரித்து வேறெங்கும் கொண்டுபோக முடியாது. பாரமானிக்கு அப்படிப்பட்ட தளை இல்லை.

கிரேக்க 'பாரோஸ்' என்பதும் தமிழில் வழங்கும் 'பாரம்' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

இல்லை. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்பதால் பலரும் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் 'பாரம்' வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அதன் அடியில் 'சுமத்தல்' என்ற பொருள் கொண்ட வினை இருக்கிறது. கிரேக்கச் சொல்லின் வேர் வேறு. 'கனமான' என்ற பொருள் தரும் அந்த வேரிலிருந்துதான் வடமொழியின் 'குரு' என்ற சொல்லும், இலத்தீனின் 'கிராவிஸ்' என்ற சொல்லும் பிறந்தன. ஆசிரியரைக் குறிக்கும் 'குரு' என்ற சொல்லுக்குக் கனமானவர், மதிப்பு மிகுந்தவர் என்பதே அடிப்படைப் பொருள். எனவே மொழி வரலாற்றின்படி பாரோமீட்டருக்கு உறவினர் 'குரு'தான். 'பாரம்' உறவினரைப் போலத் தோற்றமளிக்கும் அயலார்.

பெயரின் பின்பாதியில் நிலைமை மாறுகிறது. 'மானி' என்பது அளவைக் குறிக்கும் 'மானம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் வேரும் கிரேக்க 'மெட்ரோன்' என்பதன் வேரும் ஒன்றே. 'மாத்திரை' என்ற சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. முன்பாதியில் தற்செயலான ஒற்றுமையும் பின்பாதியில் உண்மையான உறவும் சேர்ந்து அமைந்த கலைச்சொல் மிக அரிது. அந்த வகையில் பாரமானி என்ற ஆக்கத்தை ஒரு நற்பேறு என்றே கருதலாம்.

'பார்' என்னும் அழுத்த அலகு, அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிபார், வானிலை வரைபடங்களில் சம அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் 'ஐசோபார்' கோடு, கனமான தாதுவிலிருந்து பெயர் பெற்ற பேரியம் என்னும் தனிமம் ஆகிய அனைத்தும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல்களே.

காற்றுக்கு உண்மையில் எடை உண்டா? உண்டு என்றால் ஏன் உணர்வதில்லை?

உண்டு. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்திற்கு அடுக்கடுக்காக நிற்கும் காற்றின் எடை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமான சுமையாக இறங்குகிறது; ஒரு சதுர மீட்டருக்கு அது 10 டன்னைத் தாண்டுகிறது. உடலுக்குள்ளிருந்தும் அதே அளவு அழுத்தம் வெளிநோக்கிச் செயல்படுவதாலும், காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக அழுத்துவதாலும் இந்தச் சுமையை நாம் உணர்வதில்லை. எங்கும் இருப்பதும், எல்லார் மீதும் இருப்பதும், உணரப்படாமலே இருப்பதும் ஆகிய இம்மூன்று இயல்புகளையும் நினைவில் வைத்தால், உருவகப் பொருளை விளக்குவது எளிதாகும்.

இந்தக் கருவி எவ்வாறு தோன்றியது?

கிணற்றிலிருந்து நீரை உறிஞ்சி ஏற்றும் குழாய்கள் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திற்கு மேல் நீரை ஏற்றுவதில்லை என்பதைப் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியர் அறிந்திருந்தனர். கலீலியோவும் இந்தப் புதிரைப் பற்றி எழுதினார். அவரிடம் இறுதிக் காலத்தில் பணியாற்றிய எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி, நீரைவிட ஏறத்தாழ 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசத்தைப் பயன்படுத்தலாம் என்று கருதினார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தியபோது, பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. மேலே வெற்றிடம் உண்டாயிற்று. குழாய்க்குள் நிற்கும் பாதரசம் தராசின் ஒரு தட்டு என்றால், கிண்ணத்தின் மீது அழுத்தும் காற்று மறு தட்டு. காற்றின் எடை கூடினால் பாதரசம் ஏறும், குறைந்தால் இறங்கும்.

டாரிசெல்லி 1644 ஜூன் மாதத்தில் தம் நண்பர் மைக்கேலேஞ்சலோ ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், காற்று என்னும் கடலின் அடியில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்று குறிப்பிட்டார். காற்றின் மாறுதல்களைக் காட்டும் ஒரு கருவியைச் செய்வதே தம் நோக்கம் என்றும் அதே கடிதத்தில் அவர் சொன்னார். அழுத்தத்தின் ஓர் அளவைப் பெறுவதைவிட அதன் மாறுதலைக் காண்பதே தொடக்கத்திலிருந்து இக்கருவியின் இலக்காக இருந்தது. உருவக வழக்கை ஆராய்கிறவர்கள் இந்தக் குறிப்பைத் தவறவிடக் கூடாது.

எடையை அளக்கும் கருவியின் அளவு ஏன் மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது?

பாதரசத் தூணின் உயரமே காற்றின் சுமைக்கு ஈடாக நிற்பதால், உயரத்தைச் சொன்னாலே போதுமானதாக இருந்தது. குழாய் அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் உயரம் மாறாது. கடல் மட்டத்திற்கான திட்ட அளவு 760 மில்லிமீட்டர். இன்று வானிலையாளர்கள் அதை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று எழுதுகிறார்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒரு மில்லிபாரும் சமம்.

எடை அளக்கும் கருவி எவ்வாறு வானிலைக் கருவியாயிற்று?

முதலில் அது மலையேறியது. பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் வேண்டுகோளின்படி, அவருடைய சகோதரியின் கணவர் ஃப்ளோரன் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயுடன் பூய் த தோம் மலை உச்சிக்குச் சென்றார். அடிவாரத்தில் காட்டிய அளவைவிட உச்சியில் பாதரசம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்லத் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது. எனவே அதன் எடையும் குறைகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

ஒரே இடத்தில் வைத்தாலும் பாதரசம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதைப் பலர் கண்டனர். ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஆட்டோ வான் கெரிக்கே, தாம் அமைத்த நீர்ப் பாரமானியில் அழுத்தம் திடீரென வீழ்ந்ததைக் கண்டு 1660இல் ஒரு கடும் புயலை முன்கூட்டியே அறிவித்தார். காரணம் பின்னாளில் தெளிவாக விளங்கிற்று. அழுத்தம் தாழ்ந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று வந்து குவிகிறது; குவிந்த காற்று மேலெழுகிறது; மேலெழுந்தது விரிந்து குளிர்கிறது; குளிரும்போது அதிலுள்ள நீராவி மேகமாகிறது. அழுத்தம் உயர்ந்த இடத்தில் காற்று கீழிறங்கி வெப்பமடைவதால் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கிறது. செய்திகளில் நாம் கேட்கும் 'காற்றழுத்தத் தாழ்வு நிலை' என்ற தொடர், பாரமானி காட்டும் இந்த வீழ்ச்சியின் பெயரே.

இங்கிலாந்தில் கடற்படை அதிகாரியும் வானிலையாளருமான ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பாரமானியை உயிர்காக்கும் கருவியாக்கினார். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் சிக்கி உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர், மீனவர் துறைகளில் பாரமானிகளை நிறுவிவந்த அவர், 1861இல் புயல் எச்சரிக்கை முறையையும் தொடங்கினார்.

பழைய பாரமானிகளின் முகப்பில் 'புயல்', 'மழை', 'மாற்றம்', 'தெளிவு' என்றெல்லாம் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?

நம்பக் கூடாது. ஆங்கிலேயப் பாரமானிகளில் 28 அங்குலத்தில் புயல் என்றும், 29 அங்குலத்தில் மழை என்றும், 29.5 அங்குலத்தில் மாற்றம் என்றும், 30 அங்குலத்தில் தெளிந்த வானிலை என்றும், 31 அங்குலத்தில் மிகுந்த வறட்சி என்றும் பொறிப்பது வழக்கமாக இருந்தது. இந்தச் சொற்களைவிடப் பாதரசம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே கவனிக்க வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் தம் கையேட்டில் வலியுறுத்தினார்.

காரணங்கள் பல. ஒன்று, உயரம். கடல் மட்டத்திற்கு அருகில் ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. கடல் மட்டத்திற்கெனச் செய்த பாரமானியைத் திருத்தாமல் 560 மீட்டர் உயரத்தில் மாட்டினால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் முள் ஏறத்தாழ 28 அங்குலத்தில், அதாவது 'புயல்' என்ற இடத்தில், நிற்கும். அதனால்தான் வெவ்வேறு இடங்களின் அளவுகளை ஒப்பிடும் முன் அவற்றைக் கடல் மட்டத்திற்கு மாற்றிக் கணக்கிடுகிறார்கள்.

இன்னொன்று, அன்றாட அலைவு. வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் முற்பகல் 10 மணி அளவிலும் இரவு 10 மணி அளவிலும் உயர்ந்து, பிற்பகல் 4 மணி அளவிலும் அதிகாலை 4 மணி அளவிலும் தாழ்கிறது. சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதும் ஏற்படும் இந்த அலைக்கும் வரவிருக்கும் மழைக்கும் தொடர்பில்லை. இதை அறியாத ஒருவர் ஒவ்வொரு பிற்பகலிலும் புயலை எதிர்பார்க்க நேரிடும்.

மூன்றாவதாக, மாற்றத்தின் அளவு நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. கடல் மட்டத்தில் பதிவான மிகத் தாழ்ந்த அழுத்தம், 1979 அக்டோபர் 12 அன்று பசிபிக் பெருங்கடலில் 'டிப்' என்னும் சூறாவளியின் மையத்தில் அளக்கப்பட்ட 870 ஹெக்டோபாஸ்கல் ஆகும். அந்தக் கொடுஞ்சூறாவளிக்குள்ளும் அழுத்தம் திட்ட அளவிலிருந்து 14 சதவீதம்தான் குறைந்தது. சாதாரண மழைநாளுக்கு ஓரிரு சதவீத வீழ்ச்சியே போதும்.

உருவகப் பொருள் என்ன? அது எந்த இயல்புகளிலிருந்து பிறக்கிறது?

நேரடியாகக் காண முடியாத ஒரு நிலையின் மாறுதலை, அது வெளிப்படையாகத் தெரியும் முன்பே, காட்டித் தரும் எதையும் பாரமானி என்று சொல்வது உருவக வழக்கு. மனிதர், நிகழ்வு, விலை, உயிரினம், ஒரு சொல்லின் பயன்பாடு என எதுவும் இந்த இடத்தில் நிற்கலாம். 'இளைஞர்களின் இடப்பெயர்வு ஒரு வட்டாரத்தின் நம்பிக்கைக்குப் பாரமானி' என்பது இத்தகைய வாக்கியம்.

கருவியிடமிருந்து உருவகம் பெற்றுக்கொண்டவை மூன்று என்று கொள்ளலாம். முதலாவது, அளக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் எல்லார் மீதும் செயல்படுவது. இரண்டாவது, முக்கியமானது ஏற்ற இறக்கமே. ஒரு தனி அளவு அன்று. மூன்றாவது, கருவி எதையும் உண்டாக்குவதில்லை. நிகழ்வதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. மூன்றும் பொருந்தினால் உருவகம் முழுமையாக அமைகிறது. இரண்டாவது பொருந்தாவிட்டாலும் பலர் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு முறை நடத்திய தேர்வின் முடிவைக் 'கல்வித் தரத்தின் பாரமானி' என்று எழுதுவது இதற்கு எடுத்துக்காட்டு. முன்பின் அளவுகளோடு ஒப்பிடாமல் ஒற்றை எண்ணைக் கொண்டு பேசுவது, முகப்பில் எழுதியுள்ள சொல்லை மட்டும் படித்துவிட்டுப் போவதற்குச் சமம். இந்த வழக்கைப் பிழை என்று ஒதுக்க முடியாது என்றாலும், சொல்லின் வலிமையில் பாதி இங்கே வீணாகிறது.

'அளவுகோல்', 'உரைகல்', 'வெப்பமானி' ஆகியவற்றிலிருந்து இந்த உருவகம் எவ்வாறு வேறுபடுகிறது?

அளவுகோல் நாம் தேர்ந்தெடுத்து ஒரு பொருளின் மீது வைப்பது. 'வெற்றிக்கு அளவுகோல் எது' என்று கேட்கும்போது மதிப்பிடும் விதியைப் பற்றிப் பேசுகிறோம். உரைகல் உண்மையையும் போலியையும் பிரிக்கிறது. அதன் விடை ஆம் அல்லது இல்லை என்பதே. வெப்பமானி இப்போதுள்ள நிலையைச் சொல்கிறது. ஒரு விவாதத்தின் சூடு எவ்வளவு என்று கேட்பதற்கு அது பொருத்தம். பாரமானியோ இப்போதுள்ள நிலையிலிருந்து இனி வரக்கூடியதை நோக்கிக் கை காட்டுகிறது.

மேலைநாடுகளில் கூரைமேல் பெரும்பாலும் சேவல் வடிவில் சுழலும் காற்றின் திசைகாட்டியையும் இங்கே பிரித்தறிய வேண்டும். அதுவும் வானிலைக் கருவிதான். ஆனால் அதன் உருவகப் பொருள் இகழ்ச்சியானது. காற்றடிக்கும் பக்கம் திரும்புகிறவர், நிலையான கொள்கை இல்லாதவர் என்பதே அது. ஒரு தலைவரை மக்கள் உணர்வின் பாரமானி என்பது பாராட்டாகலாம். திசைகாட்டிச் சேவல் என்பது பழிப்பு. இரண்டுமே பிறரின் போக்கைத் தம்மில் காட்டுகின்றன. ஒன்று அறிவதாகவும் மற்றொன்று வளைவதாகவும் மொழி கருதிக்கொண்டது வியப்புக்குரியது.

இந்த உருவகத்திற்கு ஈடான தமிழ் வழக்குகள் உள்ளனவா?

நிறையவே உள்ளன, அவற்றைத் தேடிப் பார்க்கும்போது பாரமானி என்ற உருவகத்திற்குள் பல பொருள்கள் கலந்திருப்பது தெளிவாகிறது. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்ற பழமொழி முன்னறிகுறியைச் சொல்கிறது. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது மறைந்துள்ளதைப் புறத்தே காட்டும் அடையாளத்தைச் சொல்கிறது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது முழுமையின் நிலையைச் சிறு கூறு ஒன்றிலிருந்து அறிவதைச் சொல்கிறது. 'மக்களின் நாடி பிடித்துப் பார்த்தல்' என்பது தொடர்ந்து மாறும் ஒன்றைத் தொட்டு அறிவதைச் சொல்கிறது.

ஓர் ஆங்கிலக் கட்டுரையில் பாரோமீட்டர் என்ற சொல் வந்தால், எழுதியவர் இந்நான்கில் எதைக் கருதுகிறார் என்று பார்த்து அதற்குரிய தமிழ் வழக்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அவற்றுள் நாடி பிடித்தல் மிக நெருங்கியது. நாடியும் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் மாற்றமே செய்தி. நாடியும் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் நாடி பார்க்க ஒருவர் வேண்டும். அவர் தேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். பாரமானி யாரும் பார்க்காதபோதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பொருளின் விலையோ ஒரு பறவையின் எண்ணிக்கையோ தானாகவே எதையோ காட்டுகிறது என்று சொல்ல விரும்பும்போது, நாடியைவிடப் பாரமானியே சிறந்த உருவகம்.

கருத்துக்கணிப்புகளுக்கு ஏன் இப்பெயரைச் சூட்டுகிறார்கள்?

திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்டு மாற்றத்தைக் காண்பதே அவற்றின் முறை என்பதால்தான். ஐரோப்பிய ஆணையம் உறுப்பு நாடுகளின் மக்களிடம் 1974 முதல் நடத்திவரும் ஆய்வின் பெயர் 'யூரோபாரோமீட்டர்'. லத்தீன் அமெரிக்காவில் 1995இல் 'லத்தினோபாரோமெட்ரோ'வும், ஆப்பிரிக்காவில் 1999இல் 'ஆஃப்ரோபாரோமீட்டர்' என்பதும் தொடங்கின. ஜெர்மானியத் தொலைக்காட்சியான இசட்.டி.எஃப். 1977 முதல் 'பொலிட்பாரோமீட்டர்' என்ற பெயரில் அரசியல் கருத்துக்கணிப்பை ஒளிபரப்புகிறது.

உருவக வழக்குகளில் மிக நேர்மையானது இதுவே எனலாம். ஓர் ஆண்டில் 48 சதவீதத்தினர் 'ஆம்' என்றார்கள் என்பதைத் தனியே எடுத்தால் அதற்குப் பொருள் குறைவு. முந்தைய ஆண்டுகளின் வரிசையில் வைத்தால்தான் அது பேசுகிறது. வெவ்வேறு உயரங்களில் உள்ள பாரமானிகளை ஒப்பிடும் முன் கடல் மட்டத்திற்குத் திருத்துவது போலவே, வெவ்வேறு நாடுகளின் விடைகளை ஒப்பிடும் முன் அந்நாட்டு மக்கள் பொதுவாக எவ்வளவு தயங்கி அல்லது எவ்வளவு தாராளமாக விடை சொல்வார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றாட அலைவைப் புயலாகக் கருதும் பிழையும் இங்கே உண்டு. மாதிரி ஆய்வில் இரண்டு சதவீதம் ஏறி இறங்குவது பெரும்பாலும் மாதிரியின் இயல்பான அலைவு மட்டுமே. அதைத் தலைப்புச் செய்தியாக்குவது, பிற்பகல் 4 மணித் தாழ்வைக் கண்டு கூரையைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

பொருளாதாரத்தில் இந்த உருவகம் எவ்வளவு தூரம் பயன்பட்டது?

அளவுக்கு மீறியே பயன்பட்டது. 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு ஒன்று, வாரன் பெர்சன்ஸ் என்னும் பொருளியலாளரின் வழிகாட்டலில், ஊக வணிகம், தொழில், பணச்சந்தை ஆகிய மூன்றையும் மூன்று வளைகோடுகளாக வரைந்து வெளியிடத் தொடங்கியது. முதற்கோடு இறங்கினால் சில மாதங்களில் இரண்டாவதும், பின்னர் மூன்றாவதும் இறங்கும் என்ற கருத்தின் மீது அது அமைந்திருந்தது. இதை எல்லாரும் 'ஹார்வர்டு பாரோமீட்டர்' என்றே அழைத்தனர். 1929இல் பங்குச்சந்தை வீழ்ந்த பின்னரும், கடும் மந்தம் வராது என்றே அந்தச் சேவை தன் வாசகர்களுக்குச் சொல்லிவந்தது. பெருமந்தம் வந்தது, சேவையும் சில ஆண்டுகளில் நின்றது.

பிழை கருவியின் பெயரிலேயே ஒளிந்திருந்தது என்று தோன்றுகிறது. காற்றழுத்தம் வீழ்ந்தால் மேகம் உருவாவதற்கு இயற்பியல் காரணம் உண்டு. அக்காரணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. விலைக்கோடுகளுக்கு இடையிலான உறவோ மனிதரின் நடத்தையைச் சார்ந்தது. அவ்வுறவை அறிந்தவுடனேயே மனிதர் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளவும் கூடும். காற்று பாரமானியைப் படித்துப் பார்ப்பதில்லை, முதலீட்டாளர் படிக்கிறார். பொருளாதாரத்தில் இச்சொல்லைக் கையாளும்போது இந்த வேறுபாட்டை எழுத்தாளர் மறக்கலாகாது.

உயிரினங்களைப் பாரமானி என்று சொல்வது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். மரப்பட்டைகளில் வளரும் கற்பாசிகள் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடால் எளிதில் அழிகின்றன. அவை மறைவது காற்று கெடுவதன் அடையாளம். நீரிலும் நிலத்திலும் வாழ்ந்து, மென்தோல் வழியாகச் சுவாசிக்கும் தவளைகளும் இவ்வாறே கருதப்படுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலை 'உயிர்களின் பாரோமீட்டர்' என்று அவ்வமைப்பே வருணிக்கிறது.

பாரமானி 'உயர்கிறது' என்றால் நல்லதா, கெட்டதா?

உருவகம் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கருவியில் உயர்வு தெளிந்த வானத்தையும் தாழ்வு புயலையும் குறிக்கும். ஆனால் மக்கள் வாழ்வைப் பற்றிப் பேசும்போது அழுத்தம் உயர்வதைக் கேடாகவே கருதுகிறோம்: பணி அழுத்தம், அரசியல் அழுத்தம், இரத்த அழுத்தம் என எதுவாக இருந்தாலும் ஏற்றமே தொல்லை. ஆகவே 'மக்கள் கோபத்தின் பாரமானி உயர்ந்துகொண்டே போகிறது' என்று எழுதும்போது, எழுத்தாளர் மனத்தில் இருப்பது கொதிக்கும் கலனின் அழுத்தமானி. வானிலைப் பாரமானி அன்று. கருவியை அறிந்த வாசகருக்கு அந்த வாக்கியம் கோபம் தணிந்து வானம் தெளிகிறது என்ற நேரெதிர்ப் பொருளைத் தந்துவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. நம்பிக்கை, அமைதி, வளம் போன்ற நல்லவற்றோடு பாரமானியை இணைத்து, அது தாழ்வதைத் தீய அறிகுறியாக எழுதலாம். கோபம், பதற்றம் போன்றவற்றுக்கு வெப்பமானியைப் பயன்படுத்தலாம்.

பாரமானி, காற்றழுத்தமானி, பாரோமீட்டர்: எதை எங்கே எழுதுவது?

அறிவியல் கட்டுரையில் முதன்முறை குறிப்பிடும்போது காற்றழுத்தமானி என்பதே தெளிவானது. எது அளக்கப்படுகிறது என்பதை அந்தப் பெயர் ஒளிக்கவில்லை. அழுத்தமானி என்று சுருக்கினால் குழப்பம் வரும். இரத்த அழுத்தமானியும் இருக்கிறது; வாயுக்கலன்களின் அழுத்தத்தை அளப்பவையும் இருக்கின்றன. உருவகமாகக் 'காற்றழுத்தமானி' என்று எழுதினால் சொல் நீண்டு, காற்றையும் இழுத்துக்கொண்டு வந்து, வாக்கியத்தைக் கனமாக்குகிறது. அங்கே பாரமானி போதும். பாரோமீட்டர் என்பது பேச்சிலும் நிறுவனங்களின் பெயர்களிலும் இயல்பாக வழங்குகிறது. ஆய்வின் பெயராக அமையும்போது அதை மாற்றாமல் விடுவதே முறை.

தமிழ்ப் பெயருக்கு மட்டும் உரிய ஒரு வாய்ப்பும் இருக்கிறது. மனப்பாரம், குடும்பப் பாரம், கடன் பாரம் என்றெல்லாம் தமிழில் பாரம் ஏற்கெனவே துன்பத்தின் பெயர். எனவே 'அவள் கடிதங்களே அந்த வீட்டின் பாரமானி' என்று ஒருவர் எழுதினால், ஆங்கிலச் சொல் தராத ஒரு பொருள், அதாவது அந்த வீட்டார் சுமக்கும் துயரத்தின் எடை, வாசகருக்குத் தானாகவே கேட்கிறது. கவிதை எழுதுவோர் இதை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

பாதரசம் இல்லாத கருவிகளுக்கும் இப்பெயர் பொருந்துமா?

பொருந்தும். 1844இல் பிரெஞ்சுக்காரர் லூசியான் விதி, காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று அழுத்தத்திற்கேற்ப அமுங்கி விரிவதை முள்ளால் காட்டும் அனிராய்டு பாரமானிக்குக் காப்புரிமை பெற்றார். 'திரவம் இல்லாதது' என்பதே அனிராய்டு என்ற பெயரின் பொருள். பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக, 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரசப் பாரமானிகளின் உற்பத்தியை 2020க்குள் நிறுத்த வழிவகுத்தது. இன்று பல செல்பேசிகளுக்குள் இருக்கும் சிறு மின்னணுப் பாரமானி, ஒரு மாடி ஏறி இறங்குவதால் உண்டாகும் அழுத்த வேறுபாட்டையும் உணர்கிறது. திரவம் போயிற்று, குழாய் போயிற்று, முள்ளும் போயிற்று. காற்றின் பாரத்தை அளக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

முள் பாரமானியைப் பார்ப்பவர்கள் அதன் கண்ணாடியை ஏன் மெல்லத் தட்டுகிறார்கள்?

அனிராய்டு கருவியின் நெம்புகோல்களிலும் சங்கிலியிலும் உள்ள உராய்வால், அழுத்தம் சிறிதே மாறும்போது முள் நகராமல் தங்கி நிற்கும். மெல்லத் தட்டினால் அந்தத் தடை விலகி, முள் தன் உண்மையான இடத்திற்குத் தாவும். எந்தப் பக்கம் தாவுகிறது என்பதிலிருந்தே அழுத்தம் ஏறிவருகிறதா இறங்கிவருகிறதா என்று தெரிந்துவிடும். பல முகப்புகளில் கையால் திருப்பி வைக்கும் இரண்டாவது முள் ஒன்றும் இருக்கும். காலையில் அதை அளவுமுள்ளின் மீது பொருத்தி வைத்துவிட்டு மாலையில் பார்த்தால், இரண்டுக்கும் இடையே விழுந்த இடைவெளியே அன்றைய மாற்றம்.